வீல்மேன்

கப்பலை ஓட்டுகிறவனுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். தூத்துக்குடித் தோணியில் அவர் தண்டல். பெரிய கப்பலில் சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. துறைமுக வாயிலில் ஏறிக்கொண்டு, மணல்திட்டும் நீரோட்டமும் அறிந்து கப்பலை உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறவர் பைலட். 1860 வாக்கில் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இந்தக் கடைசி வேலைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. வெள்ளைக்காரர் செய்தால் பைலட். அடிமை செய்தால் வீல்மேன், அதாவது சக்கரம் பிடிக்கிறவன். மணல்திட்டு அதேதான், ஆழம் அதேதான், தரை தட்டினால் வரும் சேதமும் அதேதான். ஆனால் பைலட் என்ற சொல்லுக்குள் அறிவு இருக்கிறது, உரிமம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. வீல்மேன் என்ற சொல்லுக்குள் இரண்டு கைகள் மட்டும்தான் இருக்கின்றன.

ராபர்ட் ஸ்மால்ஸ் அப்படியொரு வீல்மேன். பிறகு ராணுவக் கப்பலின் கேப்டன், மாநில மிலிஷியாவில் மேஜர் ஜெனரல், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், மேலவை உறுப்பினர், வாஷிங்டனில் ஐந்து முறை நாடாளுமன்ற உறுப்பினர், இடையில் மூன்று நாள் சிறைக்கைதி, கடைசியில் சுங்க அதிகாரி. இத்தனை பட்டங்களில் எது அவருக்குச் சட்டப்படி உரியது, எது ஊர் வாய்மொழியாகக் கொடுத்தது என்ற வழக்கு அவர் வாழ்நாள் முழுக்க ஓடியது. அந்த வழக்கைத்தான் நான் இங்கே தொடர நினைக்கிறேன்.

தமிழில் எழுத உட்கார்ந்தபோது எனக்கும் அதே வழக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவனுக்கும் அறுபது வயது அதிகாரிக்கும் அவர்களிடம் ஒரே சொல் இருக்கிறது. நம்மிடம் அவன் என்றும் அவர் என்றும் இரண்டு. எந்த வரியில் அவன் அவராகிறான்? கதை சொல்லத் தெரிந்தவர்கள் கேப்டனின் தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிற வரியில் மாற்றுவார்கள், கைதட்டலும் கிடைக்கும். எனக்கு அதில் சம்மதமில்லை. தொப்பி கேப்டனுடையது. சுக்கான் பிடிக்கும் அறிவு அதற்கு முன்பே அவருக்குள் இருந்தது. ஆகவே பிறப்பிலிருந்தே அவர் என்று எழுதுகிறேன். சில இடங்களில் இடிக்கும். இடிக்கட்டும்.

1839 ஏப்ரல் 5 அன்று ப்யூஃபர்ட் என்ற சிற்றூரில், பிரின்ஸ் தெருவில் ஹென்றி மெக்கீ குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த குடிசையில் பிறந்தார். தாய் லிடியா அந்த வீட்டில் வேலை செய்த அடிமை. தந்தை யாரென்று காகிதத்தில் இல்லை. எஜமான் வீட்டு ஆணாகத்தான் இருக்கும் என்று ஊர் பேசியது. பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டனுக்கு வாடகைக்கு அனுப்பப்பட்டார். அடிமையை வாடகைக்கு விடுவது அங்கே சர்வசாதாரணம். மாட்டை உழவுக்கு விடுவதைப் போலத்தான், கூலி மெக்கீக்குப் போகும். அதில் வாரத்துக்கு ஒரு டாலர் சிறுவர் வைத்துக்கொள்ளலாம். ஓட்டலில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், பிறகு துறைமுகத்துக்கு வந்து மூட்டை தூக்கி, பாய் தைத்து, கடைசியில் சுக்கானுக்கு வந்தார். 1856 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஹன்னா என்ற ஓட்டல் பணிப்பெண்ணை மணந்தார். அவரும் அடிமை, வேறொரு எஜமானின் அடிமை. மனைவியையும் பிறந்த பெண்குழந்தையையும் விலைக்கு வாங்கிவிட வேண்டுமென்று அந்த எஜமானிடம் பேசினார். கேட்ட விலை 800 டாலர். வாரம் ஒரு டாலர் கணக்கில் 800 வாரம் என்பது எத்தனை வருடம் என்று வாசகர்கள் போட்டுப் பார்க்கலாம். அதற்குள் பிள்ளைகள் வேறு யாருக்கோ விற்கப்படமாட்டார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

தென் மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பாயின, உள்நாட்டுப் போர் வந்தது. அவர் வேலை பார்த்த பருத்திக் கப்பலைத் தென்னகக் கூட்டமைப்பின் ராணுவம் தளவாடம் ஏற்ற எடுத்துக்கொண்டது. கப்பலின் பெயர் பிளான்டர். தோட்ட முதலாளி என்று பொருள். கற்பனையில் வைத்தால் ஆசிரியர் ரொம்பத்தான் மெனக்கெடுகிறார் என்போம்.

1862 மே 13, விடிவதற்கு முன். வெள்ளை அதிகாரிகள் மூவரும் விதிமுறையை மீறி இரவைக் கரையில் கழிக்கப் போயிருந்தார்கள். கப்பலில் பீரங்கிகள் ஏற்றப்பட்டிருந்தன. மூன்று மணி வாக்கில் ஸ்மால்ஸும் சக அடிமை மாலுமிகளும் கொதிகலனை மூட்டி, கூட்டமைப்புக் கொடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வேறொரு துறையில் ஒளிந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். பிடிபட்டால் கப்பலை மூழ்கடித்துவிடுவது, அதுவும் முடியாவிட்டால் கைகோத்துத் தண்ணீரில் குதிப்பது என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். கேப்டன் ரெலியாவின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே கைகட்டிக்கொண்டு ஸ்மால்ஸ் சுக்கான் அறையில் நின்றார். ஒவ்வொரு கோட்டையையும் உரிய சமிக்ஞை கொடுத்துக் கடந்தார்கள். கடைசியாகச் சம்டர் கோட்டை. நீண்ட ஊதல் இரண்டு, குட்டை ஊதல் ஒன்று. காவலர்கள் போகவிட்டார்கள். பீரங்கி எட்டாத தூரம் போனதும் கொடியை இறக்கி, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். முற்றுகையிட்டிருந்த வடக்கத்திய கப்பலான ஆன்வர்ட், சுடத் தயாராகி, அந்த விரிப்பைக் கண்டு நிறுத்தியது.

எத்தனை முறை படித்தாலும் மூச்சு நிற்கிற இடம் இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் ஒரு வருத்தமும் உண்டு. ஸ்மால்ஸைப் பற்றிச் சொல்ல வருகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேயே மேடையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். பள்ளிப் புத்தகமும் சிறுவர் படக்கதையும் படுக்கை விரிப்போடு முடிந்துவிடுகின்றன. அன்று அவருக்கு 23 வயது. அதற்குப் பிறகு 52 வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். ஒரே ஒரு இரவின் துணிச்சலைக் கொண்டாடுவது எல்லோருக்கும் வசதி, யாரிடமும் அது எதையும் கேட்பதில்லை. சட்டமன்றத்தில் உட்கார்ந்த வருடங்கள் அப்படியல்ல. வரி, பள்ளிக்கூடம், ஓட்டு, நிலம் என்று அவை கேட்டுக்கொண்டே இருக்கும்.

*

போரில் அவர் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் எங்கெங்கே கண்ணிவெடி மிதக்கிறது என்பது அவருக்குத் தெரியும், போட்டதே அவர் வேலை பார்த்த கப்பல்தான். அந்த அறிவு வடக்குக் கடற்படைக்குப் போயிற்று. கப்பலைப் பிடித்துத் தந்ததற்கான பரிசுத்தொகையில் அவர் பங்கு 1,500 டாலர். கப்பலை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டார்கள் என்பது பின்னாளில் வாஷிங்டனே ஒப்புக்கொண்ட விஷயம். 1900-ல் மொத்தம் 5,000 என்று திருத்தி, முன்பு கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். 1863 ஏப்ரலில் கியோகக் என்ற கவசக் கப்பலைச் சார்ல்ஸ்டன் தாக்குதலுக்குள் ஓட்டிச் சென்றார். தொண்ணூறு குண்டுகளுக்கு மேல் வாங்கி மறுநாள் காலை அது மூழ்கியது, இவர் பிழைத்தார். அதே வருடக் கடைசியில் பிளான்டர் மீது குண்டு பொழிந்தபோது வெள்ளைக் கேப்டன் கரி அறைக்குள் ஒளிந்துகொள்ள, இவர் பொறுப்பேற்றுக் கப்பலைக் காப்பாற்றினார், அதற்காகக் கேப்டனாக்கப்பட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

ஆக்கப்பட்டாரா? கேப்டன் சம்பளம் வாங்கினார், கேப்டன் வேலை பார்த்தார், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். ஆனால் கடற்படையின் ஓய்வுபெற்றோர் பட்டியலில் பெயர் சேர்க்க முயன்றபோது, முறையான நியமன ஆணை எதுவும் அவருக்குத் தரப்படவில்லை என்று தெரிந்தது. கப்பலை ஓட்டிக் கொடுத்த கூலியாள் என்பதே காகிதத்தின் கணக்கு. வீல்மேன் என்ற பழைய சொல் வேறொரு அலுவலகத்தில், வேறொரு மேசையில், நல்ல கையெழுத்தில் மறுபடியும் எழுதப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1897-ல் அவருக்கென்றே தனிச் சட்டம் போட்டு மாதம் 30 டாலர் ஓய்வூதியம் தந்தார்கள். கடற்படைக் கேப்டனுக்கு உரிய தொகை. போர் முடிந்து முப்பத்திரண்டு வருடம் கழித்து, ஒரு நாடாளுமன்றம் கூடி, இவர் படைவீரர்தான் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சம்பவம், 1864 கடைசியில் நடந்தது. பிளான்டரைச் செப்பனிட ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்தியிருந்தார்கள். அங்கே ஒரு டிராம் வண்டியில் வெள்ளையருக்கு இடம் விட்டு வெளியே நிற்கச் சொன்னார்கள். இறங்கி நடந்தார். போர்க்களத்தின் பெயர்பெற்ற வீரருக்கே இந்தக் கதி என்று ஊர் பேச, கறுப்பர்களை வண்டியில் ஏற்ற மறுக்கக் கூடாது என்று 1867-ல் பென்சில்வேனியா சட்டம் போட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த மாதங்களில்தான் அவர் ஆசிரியர் வைத்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பது. தென் கரோலினாவில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது 1834 சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். கோட்டைகளின் சமிக்ஞைகளை மனப்பாடமாக வைத்திருந்தவர், 25 வயதில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

நான்கே வருடத்தில் அவர் ஓர் அரசியல் சட்டத்தை எழுதும் அவையில் உட்கார்ந்திருந்தார்.

*

1868 ஜனவரியில் சார்ல்ஸ்டனில் கூடிய அந்த அவையைப் பற்றி எழுதும்போது என் பேனா நிதானிக்கிறது. 124 பிரதிநிதிகள். அதில் எழுபதுக்கு மேல் கறுப்பர்கள், அவர்களில் கணிசமானோர் மூன்று வருடம் முன்புவரை சொத்துப் பட்டியலில் மாட்டுக்கும் கலப்பைக்கும் இடையில் எழுதப்பட்டவர்கள். சார்ல்ஸ்டன் பத்திரிகைகள் இவர்களைக் கேலி செய்து எழுதின. இவர்கள் உள்ளே உட்கார்ந்து, சட்டமன்றத்துக்குப் போட்டியிடச் சொத்து இருக்க வேண்டும் என்ற பழைய விதியை நீக்கினார்கள். கடனுக்காகச் சிறை என்பதை ஒழித்தார்கள். அதுவரை அந்த மாநிலம் கண்டிராத விவாகரத்து உரிமையை எழுதினார்கள். இவற்றில் எதுவும் கறுப்பருக்கு மட்டும் உரியது கிடையாது. கடன்பட்ட ஏழை வெள்ளை விவசாயிக்கும் சேர்த்துத்தான் எழுதினார்கள். அவர் அதற்காக இவர்களுக்கு ஓட்டுப் போடவில்லை என்பது வேறு கதை.

ஸ்மால்ஸ் கொண்டுவந்தது பள்ளிக்கூடத் தீர்மானம். எல்லா வகுப்பாருக்கும் கட்டணமில்லாத பொதுப்பள்ளி, 7 முதல் 14 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் வருடத்துக்கு ஆறு மாதமாவது கட்டாயம் வரவேண்டும், வராவிட்டால் அபராதம். ஏன் கட்டாயம் என்ற வார்த்தை? அடிமைத்தனம் ஒரு குழந்தையின் நேரத்தை எப்படித் தின்னும் என்று வாடகைக்கு விடப்பட்டவருக்குத் தெரியும். பருத்தி எடுக்கும் பருவத்தில் தோட்டக்காரர் கூப்பிட்டால் அப்பன் பிள்ளையை அனுப்பிவிடுவான், அனுப்பாமல் முடியாது. சட்டம் கட்டாயம் என்று சொன்னால் அவனுக்கும் ஒரு சாக்குக் கிடைக்கும். இது என் ஊகம். ஆனால் சட்டம் ஏழைக்குத் தரக்கூடிய பெரிய உதவிகளில் ஒன்று இப்படியொரு சாக்கு என்று நான் நம்புகிறேன். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் இன, நிற வேறுபாடின்றி எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று அந்த அரசியல் சட்டம் எழுதியது.

அதே வருடம் கீழவைக்கு ப்யூஃபர்ட்டிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1870-ல் மேலவை. அந்த இடம் காலியானதற்குக் காரணமே சுவையானது: அதில் இருந்த ஜோனதன் ரைட் என்ற கறுப்பு வழக்கறிஞர் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகிவிட்டார். கீழவையில் கறுப்பர்கள் பெரும்பான்மை. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் அப்படி அமைந்ததில்லை.

ஸ்மால்ஸின் ஓட்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவருடைய ராணுவப் பெயரின் பொருள் புரியும். ப்யூஃபர்ட்டும் சுற்றியுள்ள தீவுகளும் 1861 நவம்பரிலேயே வடக்குப் படையிடம் வீழ்ந்துவிட்டன. தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டார்கள். நிலத்தில் மிச்சமிருந்தவர்கள் அடிமைகள். போர் முடியும் முன்பே அங்கே பள்ளிக்கூடம் நடந்தது, கறுப்புப் படைப்பிரிவு திரண்டது, வரி கட்டாத முதலாளிகளின் நிலமும் வீடும் ஏலத்துக்கு வந்தன. அப்படி ஏலத்தில் வந்ததுதான் பிரின்ஸ் தெரு 511-ஆம் எண் வீடு. எந்த வீட்டின் பின்கட்டில் பிறந்தாரோ அதை ஸ்மால்ஸ் பரிசுப் பணத்தைக் கொண்டு வாங்கினார். ஊராரோடு அவர்களுடைய கல்லா என்ற தீவு மொழியில் பேசினார். சீருடை போட்ட காலத்தின் கதை எல்லாத் தீவிலும் தெரியும். படை அவருக்குக் கொடுத்தது அதிகாரம் என்பதைவிட, மனிதர்களின் பரிச்சயம் என்றுதான் சொல்வேன்.

அந்த வீட்டைப் பற்றி ஒரு கதை உண்டு. முன்னாள் எஜமானியான மெக்கீயின் மனைவி வயதாகி, நினைவு பிசகி, பழைய வீடு இன்னும் தன்னுடையது என்று எண்ணி வந்து நின்றாராம். ஸ்மால்ஸ் அவருக்கு அவருடைய பழைய அறையையே கொடுத்து வைத்துக்கொண்டாராம். குடும்பத்தார் சொல்வது. இருக்கலாம். கேட்கக் கண் கலங்கத்தான் செய்கிறது. என்றாலும் இந்தக் கதை மேடைதோறும் சொல்லப்படும் அளவுக்கு அதே வீட்டின் இன்னொரு கதை சொல்லப்படுவதில்லை. மெக்கீயிடமிருந்து அதை முன்பு வாங்கியிருந்த டி டிரெவில் என்பவர், ஏலம் செல்லாது என்று வழக்குப் போட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1878-ல் ஸ்மால்ஸ் வென்றார். அவருடைய வீடு மட்டும் அல்ல, அந்த ஏலங்களில் தீவுக்காரர்கள் வாங்கிய துண்டு நிலங்களின் பத்திரங்களும் அந்தத் தீர்ப்பில்தான் நிலைத்தன. மன்னிக்கிற கறுப்பரைவிட, வழக்காடி ஜெயிக்கிற கறுப்பர் எனக்கு நெருக்கமானவர்.

*

இனி கசப்பான பகுதி.

மறுசீரமைப்பு என்று அழைக்கப்படும் அந்தப் போருக்குப் பிந்திய காலத்துத் தென் கரோலினா சட்டமன்றத்தில் ஊழல் இருந்தது. மறைப்பதில் பயனில்லை. அரசு அச்சுவேலைக்கு ஆன செலவு எந்தக் கணக்குக்கும் அடங்காமல் வீங்கியது. மேலவையின் அச்சுக் குழுவில் ஸ்மால்ஸ் தலைமை வகித்தவர். 1877-ல் அவர் வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, மாநிலத்தைக் கைப்பற்றியிருந்த வெள்ளை ஜனநாயகக் கட்சி அரசு, மேலவையில் இருந்த காலத்தில் 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்று அவரைக் கைது செய்தது. முக்கியச் சாட்சி மேலவையின் முன்னாள் எழுத்தர் ஜோசஃபஸ் உட்ரஃப். அரசு அச்சுவேலையைச் செய்த நிறுவனத்தில் அவருக்கும் பங்கு உண்டு. தானே குற்றத்தில் கழுத்துவரை மூழ்கியவர், தண்டனை கிடையாது என்ற வாக்குறுதியோடு சாட்சி சொன்னார். மூன்று வருடக் கடுங்காவல் என்று தீர்ப்பு. மூன்று நாள் சிறை, பிறகு ஜாமீன், மேல்முறையீடு. 1879-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். பதிலுக்கு, தேர்தல் குற்றங்களுக்காகத் தென் கரோலினா வெள்ளையர்மீது மத்திய அரசு போட்டிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. பண்டமாற்று.

வாங்கினாரா? அவரை நேசிக்கிறவர்கள் முழுப் பொய் வழக்கு என்கிறார்கள். வெறுத்தவர்கள் கேட்கவே வேண்டாம். காசோலை ஒன்று இருந்தது, அது எதற்கான காசோலை என்பதற்கு உட்ரஃப்பின் வார்த்தை இருந்தது. எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். அந்த வழக்குகளை நடத்தியவர்களுக்கு அச்சுச் செலவு பிரச்சினையே அல்ல. லஞ்சம் கொடுத்த பெரிய கைகளை விட்டுவிட்டு, தேர்தலில் தோற்கடிக்க முடியாதவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் அவர்கள் நீதிமன்றம் போனார்கள். ஆனால் ஸ்மால்ஸ் குற்றமற்றவர் என்றும் என்னால் எழுதிவிட முடியவில்லை. மன்னிப்பு என்பது ஒரு விசித்திரக் காகிதம். அது வெளியே விடும், வெளுத்துத் தராது. தன் நியமன ஆணை எழுதப்படாமல் போனவருக்கு, தன் குற்றம் மட்டும் எழுதப்பட்டு, அதன்மேல் மன்னிப்பும் எழுதப்பட்டது.

1876-ஐ விட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆகஸ்டில் கம்பாஹீ ஆற்றங்கரையில் நெல்வயல் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியைப் பணமாகக் கொடுக்காமல், முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் சீட்டாகக் கொடுத்தார்கள், அதுதான் சண்டை. எம்.பி.யும் மிலிஷியா ஜெனரலுமான ஸ்மால்ஸ் போய், துப்பாக்கியோடு திரண்டிருந்த வெள்ளையர்களுக்கும் கூலிகளுக்கும் நடுவில் நின்று, ஓர் உயிரும் போகாமல் தடுத்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு ஹாம்பர்க் என்ற ஊரில் அப்படித் தடுக்க யாரும் இல்லை. கறுப்பு மிலிஷியாக்காரர்களைச் சுற்றி வளைத்து, பிடிபட்டவர்களை ஒவ்வொருவராக இழுத்துச் சுட்டார்கள். ஸ்மால்ஸ் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பினார். தென் கரோலினாவிலிருந்து மத்தியப் படையை எடுக்கக் கூடாது என்று கெஞ்சாத குறை. மறு வருடம் எடுத்துவிட்டார்கள். ஹாம்பர்க்கில் தானும் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஓர் இளைஞன் பின்னாளில் ஆளுநரானான், செனட்டர் ஆனான். பெயர் பென் டில்மன்.

1876-லேயே இன்னொரு இழப்பு. தரைதட்டிய வேறொரு கப்பலை இழுக்கப் போய்ப் பிளான்டர் புயலில் சிக்கி உடைந்தது. சொந்தத்தில் ஒருவரைப் பறிகொடுத்ததைப்போல ஸ்மால்ஸ் வருந்தினாராம்.

*

1895 செப்டம்பர். தலைநகர் கொலம்பியாவில் மறுபடியும் ஓர் அரசியல் சட்ட அவை. 1868-ல் எழுதியதை அழிக்கக் கூட்டப்பட்ட அவை என்பதை டில்மன் ஒளிக்கவில்லை. 160 பிரதிநிதிகளில் கறுப்பர்கள் ஆறே பேர், அவர்களில் ஐந்து பேர் ப்யூஃபர்ட்காரர்கள். ஸ்மால்ஸும் வில்லியம் விப்பரும் 1868 அவையிலும் இருந்தவர்கள். தாங்கள் கட்டிய வீட்டை இடிப்பதைப் பார்க்க அழைக்கப்பட்ட கொத்தனார்கள்.

இடிக்கும் முறை நுட்பமானது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15-ஆம் திருத்தம் இருப்பதால் கறுப்பருக்கு ஓட்டு இல்லை என்று நேராக எழுத முடியாது. ஆகவே, வாக்காளர் அரசியல் சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டு விளக்க வேண்டும் என்று எழுதினார்கள். விளக்கம் சரியா என்று தீர்மானிப்பவர் பதிவு அதிகாரி. எழுத்தறியாத வெள்ளையர் தலையாட்டினால் போதும். சட்டம் படித்த கறுப்பர் உரையே நிகழ்த்தினாலும் போதாது. கூடவே தலைவரி, இரண்டு வருடக் குடியிருப்பு. பிறகு, எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லது 300 டாலர் சொத்து வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாமல் வைத்திருந்ததே இந்த மாநிலத்தின் 1834 சட்டம், இப்போது அதே எழுத்தறியாமை தண்டனைக்குக் காரணமாயிற்று. இருபத்தைந்து வயதில் எழுத்துக் கூட்டியவர் இதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் இனத்துக்காகத் தனியாக வாதாடத் தேவையில்லை, எவருக்கும் சமமானவர்கள் என்பதை அவர்கள் வரலாறே காட்டும், வாழ்க்கைப் போரில் சமமான வாய்ப்பு கிடைத்தால் போதும் என்ற பொருளில் அவர் அங்கே பேசியது இன்றும் நினைவுகூரப்படுகிறது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. கறுப்பரும் வெள்ளையரும் மணந்துகொள்ளக் கூடாது என்ற விதி வந்தபோது, ஸ்மால்ஸ் ஒரு திருத்தம் கொடுத்தார். கறுப்புப் பெண்ணோடு உடலுறவு வைத்திருக்கும் எந்த வெள்ளை ஆணும் அரசுப் பதவி வகிக்கத் தகுதியற்றவர், அந்த உறவில் பிறக்கும் பிள்ளை தகப்பன் பெயரையும் சொத்துரிமையையும் பெறும். அவையில் எத்தனை பேர் பெஞ்சில் நெளிந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். திருத்தம் தோற்றது, தோற்கத்தான் கொடுத்தார். கறுப்பு ரத்தம் எத்தனை பங்கு இருந்தால் கறுப்பர் என்ற விவாதத்தில், டில்மனின் அண்ணன் ஜார்ஜ் டில்மன் எழுந்து, ரொம்பத் தோண்டாதீர்கள், இந்த அவையில் கலப்பில்லாத வெள்ளை ரத்தம் ஒருவருக்கும் இராது என்று எச்சரித்தார். வாஷிங்டன் தொகுதிக்கு ஸ்மால்ஸை எதிர்த்து நின்ற அதே ஜார்ஜ் டில்மன். தகப்பன் பெயர் காகிதத்தில் இல்லாத ஒருவர் அந்தத் திருத்தத்தைக் கொடுத்தார் என்பதை அறிந்தவர்கள், அறையில் பலர் இருந்திருப்பார்கள்.

கடைசியில் கையெழுத்து. எல்லாப் பிரதிநிதிகளும் புதிய அரசியல் சட்டத்தில் ஒப்பமிட வேண்டும். ஸ்மால்ஸ் மறுத்தார். ஒப்பமிடாதவருக்குப் பயணப்படி கிடையாது என்று யாரோ சொல்ல, இதில் கையெழுத்துப் போடுவதைவிட ப்யூஃபர்ட்டுக்கு நடந்தே போகிறேன் என்றார். தூரம் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். மக்களின் வாக்கெடுப்புக்கு விடாமலே அந்தச் சட்டம் அமலானது. திருத்தங்களோடு இன்றும் தென் கரோலினாவில் இருப்பது அதுதான்.

இதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. 1889 முதல் 1913 வரை, ஒரு ஜனாதிபதியின் காலம் நீங்கலாக, ப்யூஃபர்ட் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாக இருந்தார். கப்பல்களின் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. அந்தப் பதவியையும் கடைசியில் பறித்தார்கள். 1915 பிப்ரவரியில் பிரின்ஸ் தெரு வீட்டில் இறந்தார்.

அதே பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித்தின் பர்த் ஆஃப் எ நேஷன் முதல்முறை திரையிடப்பட்டது. சினிமா இலக்கணம் படிக்க நம் திரைப்படச் சங்கங்களிலும் போட்டுக் காட்டிய படம். அதில் 1871-ஆம் ஆண்டுத் தென் கரோலினா கீழவைக் காட்சி வரும். கறுப்பு உறுப்பினர்கள் மேசைமேல் வெறுங்காலைப் போட்டு, மது குடித்து, கோழிக்கறி தின்றுகொண்டிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் கேமரா கோணத்தைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு பார்த்தவன்தான். உண்மையான 1871-ல் ஸ்மால்ஸ் அந்த அவைக்கு அடுத்த அறையில், மேலவையில் இருந்தார். கட்டணமில்லாத பள்ளியைக் கேட்டவர்களின் அவையை அந்தப் படம் அப்படித்தான் எழுதி வைத்தது. அதைத் திருத்தி எழுத, டுபாய்ஸ் என்ற கறுப்பு அறிஞரின் மறுசீரமைப்பு வரலாறு 1935-ல் வரவேண்டியிருந்தது.

டில்மனின் சிலை 1940 முதல் கொலம்பியாவில் சட்டமன்ற வளாகத்தில் நிற்கிறது. 2024-ல் அதே வளாகத்தில் ஸ்மால்ஸுக்கும் சிலை வைக்க மாநிலம் சட்டம் இயற்றியது. அதற்கு முந்திய வருடம் அமெரிக்கக் கடற்படை, கூட்டமைப்பு வெற்றிகொண்ட போர்க்களம் ஒன்றின் பெயரைத் தாங்கியிருந்த போர்க்கப்பலுக்கு ராபர்ட் ஸ்மால்ஸ் என்று பெயர் மாற்றியது. எந்தக் கடற்படையின் பட்டியலில் அவர் பெயர் சேராமல் போனதோ, அதே கடற்படை.

சிலை என்றால் சிற்பிக்குக் கேப்டனின் தொப்பிமேல்தான் ஆசை போகும். என்னைக் கேட்டால் அந்த இரவல் தொப்பி வேண்டாம். 56 வயதுப் பெரியவர், தடித்த உடம்பு, கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொள்கிறார். பின்னால் மேசையில் பேனா கிடக்கிறது. ஒரு கால் படியில் இறங்கியிருக்கிறது. முகம் தெற்கே, ப்யூஃபர்ட் இருக்கும் பக்கம்.